பூஜ்யத்தில் தொடங்கும் முத்திரை

தேசிய முத்திரைப் பணிமனையில் எனக்குக் கிடைத்த வேலை, பழைய நிரலைச் சுத்தம் செய்து புதுப்பிப்பது. நியமன உத்தரவில் அப்படித்தான் எழுதியிருந்தது. மூன்றாம் மாடியில் ஜன்னல் இல்லாத அறை ஒன்றில் இடம் கொடுத்தார்கள். அங்கே ஏற்கெனவே ராவூஃப் என்ற மூத்த நிரலாளர் உட்கார்ந்திருந்தார். பகலில் எனக்கு அந்த அறை; மாலையில் லஃபயேத் பக்கம் சங்கேதக் கணக்கு வகுப்பு. படிப்பு இன்னும் முடியவில்லை. ஆகவே இதில் தொழில் விவரம் ஏதாவது தவறாக இருந்தால் அது என்னுடையது. மற்றதெல்லாம் பணிமனையுடையது.

பணிமனையின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிறப்பு, திருமணம், இறப்பு என்று எந்தப் பதிவானாலும் அதற்கு ஒரு முத்திரை வேண்டும். மையில் குத்தும் முத்திரை அல்ல. பதிவில் உள்ள எழுத்துகளை ஒரு ரகசியச் சாவியோடு சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு நீண்ட எண் வரும், அதுதான் முத்திரை. அதே எழுத்துகளுக்கு எப்போதும் அதே எண்தான் வரும். ஓர் எழுத்து மாறினால் எண் முழுக்க மாறிவிடும். இந்தக் கணக்கைப் போடுவதும், பிறகு யாராவது தாளைக் கொண்டுவந்து நீட்டினால் முத்திரை அசலா போலியா என்று பார்ப்பதும் ‘அல்-ஹிஸ்ன்’ என்ற நிரல் தொகுப்பு. கோட்டை என்று அர்த்தம். நாட்டில் எல்லா அலுவலகங்களும் அதைத்தான் வைத்திருக்கின்றன.

கோட்டைக்கு வயது முப்பது. உள்ளே போய்ப் பார்த்தபோது பாதிக்கு மேல் யாரும் கூப்பிடாத பகுதிகள். உற்பத்தியே நின்றுபோன ஒரு கணினிக்காக மட்டும் எழுதிய செயற்கூறு ஒன்று கண்ணில் பட்டது. ராவூஃபிடம் கேட்டேன்.

“இந்த மெஷின் இப்ப எங்க இருக்கு?”

“மியூசியத்துக்குக் குடுத்தோம். வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க.”

“அப்ப இத அழிச்சிரலாமா?”

“மெதுவா பேசு, வியாம்,” என்றார் ராவூஃப். “இங்க எதையும் அழிக்க மாட்டாங்க. ஓய்வு குடுப்பாங்க.”

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுவாரம் விழா நடந்தது. கூடத்தில் நீள மேசை போட்டு, தட்டுகளில் மக்ரூத் இனிப்பை அடுக்கியிருந்தார்கள். அந்தச் செயற்கூறின் நிரலை நல்ல தாளில் அச்சிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு, நடுவில் நிறுத்தியிருந்தார்கள். தலைமை இயக்குநர் ஷெத்லி, நாங்கள் மரியாதையாக சி ஷெத்லி என்போம், சட்டத்தின் பக்கத்தில் நின்று பேசினார்.

“முப்பது வருஷம். ஒரு நாள் லீவு கிடையாது. ஒரு நாள் லேட்டா வந்தது கிடையாது. சம்பளம் பத்தலேன்னு மனு போட்டது கிடையாது. இங்க உக்காந்திருக்கிற எத்தன பேரால இப்படிச் சொல்லிக்க முடியும்?”

“ஒரு நாள் வேலையும் செஞ்சது கிடையாது,” என்றார் ராவூஃப் என் காதருகே, வாயில் மக்ரூத்தோடு. “அத மட்டும் நாங்க எல்லாருமே சொல்லிக்கலாம்.”

விழா முடிந்த பிறகும் அந்தச் செயற்கூறு நிரலிலிருந்து எடுக்கப்படவில்லை. இயந்திரம் படிக்காதபடி சுற்றிலும் குறிப்புக் கோடு போட்டார்கள். கீழே, இன்ன நாளில் முழு மரியாதையுடன் ஓய்வு பெற்றது என்ற வாசகத்தையும் விழாவுக்கு வந்திருந்தவர்களின் பெயர்களையும் சேர்த்தார்கள். அந்த மாதத்தில் இன்னும் சில செயற்கூறுகள் ஓய்வு பெற்றன. கோட்டை முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாயிற்று. புதுப்பிக்கும் பணி நன்றாக வளர்ந்துவருவதாகக் காலாண்டு அறிக்கை சொன்னது. அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

அதன் பிறகு நான் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். வகுப்பில் அந்த வாரம்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கோட்டை இரண்டு ரகசிய எண்களை ஒப்பிடும்போது, முதல் இலக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போய், எங்கே வேறுபட்டதோ அங்கேயே நின்று ‘இல்லை’ என்று சொல்லிவிடும். இது ஆபத்து. ‘இல்லை’ எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று அளந்தே, முன்னால் எத்தனை இலக்கம் சரியாக இருந்தது என்று வெளியாள் ஒருவன் கண்டுபிடித்துவிடலாம். அதனால் பதில் எதுவானாலும் கடைசி இலக்கம் வரை பார்த்துவிட்டு, ஒரே அளவு நேரம் எடுத்துக்கொண்டு சொல்ல வேண்டும். அரைப் பக்கம்தான். அனுப்பிவிட்டு, அனுப்பியிருக்க வேண்டாமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சி ஷெத்லி என்னை அறைக்குக் கூப்பிட்டார். என் அரைப் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“பொண்ணே, இத நீயா எழுதின?”

“வகுப்பு நோட்ஸ்ல இருந்ததுதான். தப்பா இருந்தா...”

“தப்பா? இத்தன வருஷமா இந்த நாட்டு ரகசியம் கவுண்டர் வழியா வெளிய போயிட்டிருக்கு. எவனுக்கும் தோணல. ஒருத்தன் மனு குடுக்கறான். நம்ம ஆளு அஞ்சு நிமிஷத்துல இல்லேன்னுட்றான். அவன் என்ன புரிஞ்சுக்குவான்? நாம படிக்காமலே சொல்றோம்னு புரிஞ்சுக்குவான். இது தகவல் கசிவா, இல்லியா?”

“நான் சொன்னது நிரலுக்கு, சி ஷெத்லி.”

“நிரல் என்ன, நிர்வாகம் என்ன. எழுதி வெச்சத மாத்தாம செய்யறதுதானே ரெண்டும்.”

சுற்றறிக்கை வந்தது. இனி எந்த மனுவுக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டும் ஒரே கால அளவில்தான் தரப்படும். எந்தக் கால அளவு என்று ஒரு குழு ஆராய்ந்தது. பணிமனை வரலாற்றில் எல்லாவற்றையும்விட மெதுவாக முடிந்த மனு எதுவோ, அதன் காலமே பாதுகாப்பானது என்று முடிவாயிற்று. அது காஃப்ஸாவைச் சேர்ந்த ஒருவரின் ஓய்வூதியக் கோப்பு. பத்தொன்பது மாதம். முடிந்தபோது வாங்கிக்கொள்ள அவர் உயிரோடு இல்லை.

கவுண்டரில் வாயால் சொல்லும் பதிலுக்கும் இப்படி ஓர் அளவு வந்தது. ஒருவர் கேள்வி கேட்டதும் அலுவலர் மேசையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். நான்கு நிமிடம் கழித்துப் பச்சை விளக்கு எரியும். அதன் பிறகே பதில். அதுவரை முகத்தில் எதுவும் தெரியக்கூடாது. முகத்துக்கென்று ஒரு நாள் பயிற்சி நடத்தினார்கள். எனக்கு அதில் சுமாரான மதிப்பெண்தான்.

கோட்டைக்குள் இருந்த ஒப்பீட்டுச் செயற்கூறு மட்டும் அப்படியே இருந்தது. அதைத் திருத்த நான் போட்ட மனு பத்தொன்பது மாத வரிசையில் சேர்ந்துவிட்டது.

மக்களின் வரிசை தெருமுனை வரை போனதால், எல்லா மாடிக்காரர்களும் முறை வைத்துக் கவுண்டரில் உட்கார வேண்டியதாயிற்று. அங்கேதான் நஸீஹாவைப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறையில் தாள்கள், மடியில் மகள் மெலேக். மெலேக்குக்குப் பிறவியிலிருந்து காது கேட்காது. காதுக்குள் கருவி வைத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். காப்பீட்டு நிதி செலவை ஏற்கும். ஆனால் ஐந்து வயது முடிவதற்குள். அதற்கு மேல் போனால் மூளைக்குச் சத்தம் பழகுவது கடினம் என்கிறார்கள். நிதிக்கும் கடினம். மெலேக்குக்கு ஏப்ரலில் ஐந்து முடிகிறது. அப்போது அக்டோபர்.

“பொறப்புச் சான்ற நிதி ஆபீஸ் மெஷின்ல வெச்சா போலிங்குது, தங்கச்சி,” என்றார் நஸீஹா. “நகராட்சிக்குப் போயி புதுசு வாங்கிட்டு வந்தேன். அதுவும் போலி. திரும்பவும் வாங்கினேன், திரும்பவும் போலி. இந்தப் புள்ளய நான்தான் பெத்தேனான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. என்ன பண்றது?”

நான் பொத்தானை அழுத்தினேன்.

“என்ன பண்றதுன்னு கேட்டேன்.”

நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“காது உங்களுக்கும் கேக்காதா? தலையவாவது ஆட்டுங்களேன்.”

ஆட்டவில்லை. மெலேக் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினாள். பச்சை விளக்கு எரிந்தது.

“எனக்குத் தெரியலக்கா. பாத்துச் சொல்றேன்,” என்றேன்.

“இதச் சொல்லவா இவ்வளவு நேரம்?”

சான்றின் முத்திரையைக் கோட்டைக்குள் விட்டு, அது போகும் வழியெல்லாம் பின்தொடர்ந்து பார்த்தேன். அந்த வாரம் வகுப்புக்குப் போகவில்லை. கிடைத்த காரணம் அற்பமானதாக இருந்ததால், முதலில் என் மீதுதான் சந்தேகம் வந்தது. மெலேக்கின் முத்திரை பூஜ்யத்தில் தொடங்குகிறது. கணினியின் நினைவகம் மிக விலை உயர்ந்திருந்த காலத்தில், முத்திரை போடும் பகுதியை எழுதியவர், எண்ணின் முன்னால் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று அதை வெட்டிவிட்டார். சரிபார்க்கும் பகுதியை எழுதியவர் வேறொருவர். முத்திரை இத்தனை நீளம் இருந்தே ஆக வேண்டும், குறைந்தால் போலி என்று அவர் எழுதினார். தனித்தனியாக இரண்டு பேரும் சரி. இயந்திரம் எண்களை வைக்கும் முறையில் இருநூற்று ஐம்பத்தாறு பேரில் ஒருவர் இப்படி நடுவில் மாட்டிக்கொள்வார். ஒரு வரி சேர்த்தால் போதும்: நீளம் குறைந்தால் முன்னால் பூஜ்யத்தைத் திருப்பி வை.

“அப்ப சேர்த்துட வேண்டியதுதானே,” என்றார் ராவூஃப். பிறகு அவரே சொன்னார்: “இயக்குநரோட அனுமதிக் கார்டு இல்லாம சேராது. நானும் ஒரு காலத்துல முயற்சி பண்ணவன்தான்.”

புதுப்பித்தல் குழு கூடியது. குழு என்றால் சி ஷெத்லியும், அவர் பேசும்போது எழுதிக்கொள்ளும் நான்கு பேரும்.

“ஒரு பூஜ்யம் சேர்க்கணும்ங்கற,” என்றார் சி ஷெத்லி.

“ஆமா.”

“முன்னால நிக்கற பூஜ்யத்துக்கு மதிப்பு உண்டா?”

“கிடையாது. ஆனா...”

“மதிப்பில்லாத ஒண்ணுக்காகக் குழுவக் கூட்டியிருக்க. சரி, உண்டுன்னே வெச்சுக்குவோம். மதிப்புள்ள ஒண்ண அரசாங்க முத்திரையில சேர்க்க உனக்கும் எனக்கும் யாரு அதிகாரம் குடுத்தா?”

யோசித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அடைத்திருந்தது. என் படிப்பில் ஏதோ ஒரு பாடம் விட்டுப்போயிருக்கிறதோ என்றுகூடத் தோன்றியது.

“அசல் முத்திரையப் போலின்னு சொல்லுது, சி ஷெத்லி. ஒரு குழந்தைக்குக் காது கேக்காமலே போயிடும்.”

“வருஷா வருஷம் நாம எத்தன போலி பிடிக்கிறோம்னு தெரியுமா உனக்கு? கூடறதும் இல்ல, குறையறதும் இல்ல. ஒரே விகிதம். அப்படி ஒரு நிதானம் வேற எந்த இலாகாவுல இருக்கு? நீ சொல்றத ஏத்துக்கிட்டா, முப்பது வருஷத்துல நாம ஒரு போலியக்கூடப் பிடிக்கலேன்னு ஆயிடும். பிடிச்சதெல்லாம் ஜனங்கன்னு ஆயிடும்.” அவர் தண்ணீர் குடித்தார். “எனக்கும் பேத்தி இருக்கா. அந்தக் குழந்தையோட காது எனக்கு முக்கியம் இல்லேன்னு நெனைக்காத. அதனாலதான் உன் மனுவ நிராகரிக்கல. முறைப்படி எடுத்துக்கறோம். பத்தொம்பது மாசத்துல பதில் வரும்.”

“அதுக்குள்ள அவளுக்கு ஆறு வயசு முடிஞ்சிடும்.”

“இப்பவே இல்லேன்னு சொன்னா உனக்குத் தெரிஞ்சுடுமே, பொண்ணே. தெரியக்கூடாதுங்கறதுதானே நீ எழுதின விதி.”

நான்கு பேரும் எழுதிக்கொண்டார்கள்.

அன்று ராவூஃப் என்னைக் கீழே காப்பிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கப்பூசான் காப்பியில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

“நிரல மாத்த முடியாது. சரி. எழுத்து மாறினா முத்திரை மாறுமா, மாறாதா?”

“மாறும்.”

“அப்ப எழுத்த மாத்து. அவ பதிவுல என்ன இருக்கு? பேரு. அத மாத்தறதுக்குள்ள அவளுக்குக் கல்யாண வயசு வந்துடும். பொறந்த தேதி, ஊரு, அதெல்லாம் நடக்காது. அப்புறம்?”

“பெற்றோர்: மணமானவர்கள்,” என்றேன்.

“அது ரெண்டு வழியில மாறும். ஒண்ணு, யாராவது சாகணும். இல்ல, ரெண்டு பேரும் பிரியணும். நகராட்சியில அந்த ஒரு சொல்ல மாத்தினாப் போதும், அன்னிக்கே மெஷின் தானாப் புது முத்திரை போட்டுடும். நம்ம ஆளுங்க கைக்கு வராது. கைக்கு வராததுக்கு விதி கிடையாது.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அடுத்த முறை நஸீஹா வந்தபோது வெளிவாசல் வரை கூடப் போய் இதைச் சொன்னேன். வாசலுக்குச் சுற்றறிக்கை கிடையாது.

நஸீஹா வெகுநேரம் மெலேக்கின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். ஏற்கெனவே போட்டிருந்த பொத்தான்.

“சாகறதுன்னா அவருதான் சாகணும்,” என்றார் கடைசியில். “ஆனா பேஜா லைன்ல அவர விட்டா வேற டிரைவர் கெடையாது.” கணவர் முந்திர், பாப் ஸாதூன் வண்டி நிலையத்திலிருந்து பேஜா ஊருக்கு லுவாஜ் என்ற பங்கு டாக்ஸி ஓட்டுகிறவர். “பிரிஞ்சுக்கறோம்.”

நீதிமன்றத்தை அதுவரை யாரும் நவீனமாக்கியிருக்கவில்லை. அதனால் வேலை நடந்தது. சமரச அமர்வு ஒன்றைப் பற்றி நஸீஹா வந்து சொன்னார்.

“ஜட்ஜ் எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாக்கறாரு. இவரு என் பைய வேற தூக்கிக்கிட்டு நிக்கறாரு. ‘நீங்க எதுக்கும்மா பிரியறீங்க’ன்னு ஜட்ஜே கேட்டுட்டாரு. எதாவது குறை சொல்லுங்கன்னு நான் முன்னாடியே இவர்கிட்ட சொல்லி வெச்சிருந்தேன். ‘சமையல்ல உப்பு ஜாஸ்தி’ன்னாரு. அதோட நிறுத்தியிருக்கலாம். ‘தூக்கத்துல பல்லக் கடிக்கறா. அவங்கம்மா வந்தா ஒரு மாசத்துக்குக் கெளம்பறதில்ல. வண்டியில ஏறுனா எனக்கே வழி சொல்றா’ன்னு வரிசையா எடுத்து விடறாரு. ஜட்ஜ் தலைய ஆட்டி ஆட்டி எழுதிக்கறாரு.”

“அதெல்லாம் பொய்தானே?” என்றேன்.

“உப்பு பொய்,” என்றார் நஸீஹா.

பிப்ரவரியில் விவாகரத்து பதிவாயிற்று. மெலேக்கின் பதிவில் ஒரு சொல் மாறியது. மறுநாள் காலையில் புதிய முத்திரையைப் பார்த்தேன். பூஜ்யத்தில் தொடங்கவில்லை. நான் தவறாகப் பார்த்திருக்கலாம் என்று ராவூஃபையும் பார்க்கச் சொன்னேன். நிதியின் இயந்திரம் அசல் என்றது. மார்ச்சில் அறுவை நடந்தது.

ஆண்டறிக்கையில் பணிமனை இதைச் சேர்த்துக்கொண்டது. குடிமகள் ஒருவரின் முத்திரைச் சிக்கல், நிரலில் ஒரு வரியும் மாறாமல் தீர்க்கப்பட்டது என்று இருந்தது. அறிக்கை வெளியான கூட்டத்தில் சி ஷெத்லி என் பெயரையும் சொன்னார். “பதட்டப்பட்டு நிரலத் தொட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? காத்திருந்தோம். குடும்பமே முன்வந்து ஒத்துழைச்சுது. இதுதான் பாதுகாப்பான கட்டமைப்பு.” கை தட்டினார்கள். புகார் கொடுத்தவருக்கு இப்போது புகார் இல்லாததால் என் மனு முடித்துவைக்கப்பட்டது என்று ராவூஃப் சொன்னார். எனக்கு அதிகாரபூர்வமாக அது அடுத்த வருடம் மே மாதம்தான் தெரியவரும்.

ஜூனில் ஒரு காலை நான் கவுண்டரில் இருந்தபோது மூன்று பேரும் வந்தார்கள். முந்திரை அன்றுதான் முதல்முறை நேரில் பார்த்தேன். வெயிலில் கோட்டு போட்டு வந்திருந்தார். கோட்டில் படுத்து எழுந்த மடிப்புகள் இருந்தன. மெலேக்கின் காதுக்குப் பின்னால் ஒரு சிறிய வட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது.

“நஸீஹாவோட அப்பா என்ன வீட்டு மாடிப்படி ஏற விட மாட்டேங்கறாரு,” என்றார் முந்திர். “அந்நிய ஆம்பளையாம். பாப் ஸாதூன்ல வண்டியிலதான் தூங்கறேன். ஒரு நாள் பேஜாவுல ரூம் எடுத்து மூணு பேரும் தங்கலாம்னு போனா, கல்யாணப் பத்திரத்தக் காட்டுங்கறான். பாலர் பள்ளிக்கு வந்தவன் மாதிரி வாசல்ல நின்னு புள்ளயப் பாத்துட்டுப் போறேன். ஆபரேஷன்தான் முடிஞ்சிருச்சே, தங்கச்சி. நாங்க திரும்பக் கல்யாணம் பண்ணிக்கலாமில்ல?”

பதில் எனக்கு அவர் கேட்கும்போதே தெரியும். கல்யாணம் ஆனால் பதிவில் அந்த ஒரு சொல் பழையபடி ஆகும். எழுத்துகள் எல்லாம் முன்பு இருந்தவை. எண்ணும் முன்பு இருந்ததுதான். கருவிக்கு மருத்துவமனையில் பரிசோதனை ஒவ்வொரு வருடமும் உண்டு. நிதி ஒவ்வொரு முறையும் முத்திரையைச் சரிபார்க்கும்.

நான் பொத்தானை அழுத்தினேன்.

“இது வழக்கம்தான், இருங்க,” என்றார் நஸீஹா அவரிடம். “பச்ச லைட்டு எரியணும்.”

காத்திருந்தார்கள். பக்கத்துக் கவுண்டரில் ஒருவர் தாளைக் கிழித்தார். மெலேக் திரும்பிப் பார்த்தாள். பின்னால் நாற்காலி இழுபட்டது, அதற்கும் திரும்பினாள்.

“பாத்தீங்களா,” என்றார் முந்திர் என்னிடம். “எல்லாத்துக்கும் திரும்பறா. நேத்து ஹார்ன் அடிச்சுக் காட்டினேன், பயந்து அழுதுட்டா. நானும் பக்கத்துல நின்னு அழுதேன்னு வையுங்க. பேஜாவுக்குப் போற ஏழு பேரும் உள்ள உக்காந்து திட்டறாங்க.”

நான் அவரைப் பார்க்காமல் இருக்க நஸீஹாவைப் பார்த்தேன். அது தவறு. பயிற்சியில், இரண்டு பேருக்கும் நடுவில் சுவரைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். என் முகத்தில் என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. நஸீஹா தாள்களை உறைக்குள் போட்டு, உறையை மடித்தார்.

“வாங்க, போலாம்.”

“லைட்டு இன்னும் எரியலயே,” என்றார் முந்திர்.

“எரிஞ்சா என்ன. புள்ளயத் தூக்குங்க.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு விளக்கைப் பார்த்தார். பிறகு மெலேக்கைத் தூக்கிக்கொண்டு நஸீஹாவின் பின்னால் போனார். கதவருகே குழந்தை கை மாறியது. நஸீஹா இடது பக்கம் இறங்கிப் போனார். முந்திர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, வண்டி நிலையத்தின் பக்கம் நடந்தார்.

நேரம் இன்னும் மீதி இருந்தது. உட்கார்ந்திருந்தேன். விளக்கு எரிந்ததும், விதிப்படி, எதிரே இருந்த காலி நாற்காலியிடம் “இல்லை” என்று சொல்லிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டேன்.